புள்ளி ஏழு மில்லிமீட்டர்

“அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் லேட்டாயிடுச்சு, சாரி” என்று மூச்சு வாங்கச் சொன்னேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அது.

கையிலிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அவர், “பன்னெண்டு” என்றார்.

குரலில் கோபம் இல்லை. நான் தப்பான அளவைச் சொன்னேன், அவர் சரியான அளவைச் சொன்னார், அவ்வளவுதான். மூடியை நிராகரிப்புக் கூடையில் போட்டுவிட்டு, “பசியாறிட்டியா?” என்று கேட்டார்.

மலேசியாவின் குளுவாங்கில் டப்பாக்களும் மூடிகளும் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே தரம் பார்க்கும் பிரிவில் அவர் இருபத்து மூன்று வருடமாக அளந்துகொண்டிருந்தார். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த கையோடு அவருக்குக் கீழே வந்து சேர்ந்தவன். தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் எல்லாருக்குமே அவர் ‘அக்கா’. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைப்பையில் சீப்பும் கண்ணாடியும் வைக்கிற இடத்தில் ஒரு வெர்னியர் அளவுகோல் இருக்கும்.

அவரிடம் யாரும் ‘கொஞ்சம்’ என்ற சொல்லைப் பேச முடியாது. பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். மறுநாள் கேன்டீனில் அவர் பெருமையாக, “ஆயிரம் பேர் வந்துட்டாங்க, சமாளிக்க முடியல” என்றார். அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே, “நாற்காலி அறுநூத்தி நாப்பது. முன்னாடி நாலு வரிசை காலியா இருந்துச்சு” என்றார். மேற்பார்வையாளர் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்காவுக்கு அது ஏன் என்று கடைசிவரை புரிந்ததாகத் தெரியவில்லை. “நான் எண்ணுனது தப்பா தம்பி?” என்று என்னிடம் உண்மையாகவே கேட்டார்.

எனக்குப் பழைய கார்கள் என்றால் பைத்தியம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் படங்களைக் காட்டி அவரிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, “எங்க வீட்ல ஒண்ணு நிக்குது. ஓடாது” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் நின்றேன். தாமான் குடியிருப்பில் வரிசை வீடு, ஒற்றைக் கார் நிறுத்துமிடம். அதில் வெளிர்பச்சை நிறத்தில் அறுபதுகளின் பிரிட்டிஷ் கார், சின்னது, வட்ட விளக்குகளோடு. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அப்பா. வயது எண்பத்தொன்று. கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைமுடி மட்டும் காதை மூடிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது, வெள்ளைவெளேரென்று.

“வாங்க தம்பி. இஞ்சினியரா?”

“டிப்ளமாதான் அங்கிள்.”

“போதும் போதும். வெள்ளக்காரன் வண்டி, டிப்ளமாவுக்கே அடங்கும். எப்ப ஓடும் சொல்லுங்க.”

சீக்கிரமே ஓடிவிடும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, “இப்ப இருக்கிற நெலமையில ஓடாதுப்பா” என்றார்.

“பாத்தீங்களா? பெத்த அப்பனுக்கு ஒரு ஆறுதல் கெடையாது இந்த வீட்ல.”

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். அந்தக் காரில் ஏறிப் போய் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். ரப்பர் எஸ்டேட்டை விட்டுக் குளுவாங்குக்கு வந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை அந்தக் காரில்தான் பாசார் சந்தைக்குப் பக்கத்து முடிவெட்டும் கடைக்குப் போவார். வீட்டிலிருந்து சரியாக நான்கு கிலோமீட்டர். கார் நின்ற மாதத்திலிருந்து அவரும் முடி வெட்டுவதை நிறுத்திவிட்டார். அக்காவின் காரில் ஏற மாட்டார். இந்தக் காரையே கயிறு கட்டி இழுத்துப் போகலாமே என்று நான் கேட்டதற்கு, “நான் என்ன செத்த மாடா, இழுத்துக்கிட்டுப் போக?” என்றார். முடி வெட்டுபவரையே ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தார் அக்கா. பெரியவர் அவருக்கு மைலோ கலக்கச் சொல்லி, நாட்டு நடப்பெல்லாம் பேசி, தலையைத் தொட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

“முனிவர் மாதிரி ஆயிட்டேன் தம்பி. வண்டி ஓடட்டும், மலைய விட்டு எறங்குறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அவர் இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, இன்னும் சில மாதங்கள்தான் என்று சொல்லியிருக்கிறார். சில என்றால் எத்தனை என்று அக்கா கேட்டார். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்கா எழுந்திருக்கவில்லை. வெளியே நோயாளிகள் வரிசையில் நிற்க, டாக்டர் கடைசியில் ஆறிலிருந்து ஒன்பது மாதம் என்று சொல்லித் தப்பித்தாராம். அக்கா வீட்டுக்கு வந்து அதை அப்படியே அப்பாவிடம் சொன்னார்.

“நடுவுல எடுத்தா ஏழர மாசம்பா.”

“ஏழரையா! அந்தச் சனியன் மூணு தடவ வந்துட்டுப் போயிட்டானே, இன்னுமா பாக்கி?” என்று கேட்டுப் பெரியவர் இருமும்வரை சிரித்தாராம். இதை என்னிடம் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. அன்றைய தேதியை மட்டும் சொன்னார். ஏழரை மாதம் எப்போது முடிகிறது என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

காருக்கு என்ன நோய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் கீழ்ப்பகுதி பிளாக், பிஸ்டன்கள் ஏறி இறங்கும் கனத்த இரும்புக் கட்டி. அதன்மேல் மூடிபோல உட்காருவது ஹெட். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதற்கும் புகை வெளியே போவதற்குமான வால்வுகள் இந்த ஹெட்டில்தான் தொங்கும். எஞ்சின் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் தண்ணீரும் ஹெட்டின் உட்குடைவுகளில் ஓடும். இந்தக் காரின் ஹெட்டில், நடுவே இருந்த இரண்டு வால்வுகளுக்கு இடையில் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே கசியும், வெள்ளைப் புகை வரும், எஞ்சின் இருமி நின்றுவிடும். விரிசலின் நீளம் பதினொரு மில்லிமீட்டர் என்று அக்கா ஹெட்டின் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருந்தார்.

இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு லேத் கடைக்குப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே வாயில் சிகரெட்டோடு விரலால் தடவிப் பார்த்தார். விரிசலை வெல்டிங் வைத்து அடைத்து, பிறகு ஹெட்டின் அடிமுகத்தை மட்டமாக இழைத்துவிடலாம் என்றார். “போலே லா. சிக்கிட் சாஜா.” முடியும், கொஞ்சம்தான் இழைப்பேன் என்று.

“சிக்கிட் பெராப்பா?” என்றார் அக்கா. கொஞ்சம் என்றால் எவ்வளவு?

தவுக்கே சிகரெட்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த அம்மா என்ன, பேங்கா?” என்று மலாயில் என்னிடம் கேட்டார். ஆனால் எவ்வளவு என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வாரம் ஹெட் வந்தது. அக்கா நான்கு மூலைகளையும் அளந்து, சொன்ன அளவில்தான் இழைத்திருக்கிறார் என்று தலையாட்டினார். பூட்டினோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெரியவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, கார்க் கதவில் கை வைத்த நேரத்தில் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றது. வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல்.

“ஒம்போது நிமிஷம்” என்றார் அக்கா.

பெரியவர் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். அந்தச் சட்டையை அன்று சாயங்காலம்வரை அவர் கழற்றவில்லை.

அதற்கப்புறம்தான் நான் என் யோசனையோடு தலையை நுழைத்தேன். எனக்குச் சொந்த ஊர் கூலாய். அங்கே பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கும் ஓர் அண்ணன் இருந்தார். அவருடைய கொட்டகையில், பாமாயில் டின்களுக்குப் பின்னால், அதே குடும்பத்தைச் சேர்ந்த கொஞ்சம் பெரிய எஞ்சினின் ஹெட் ஒன்றைப் பார்த்தேன். விரிசலே இல்லை. போல்ட் ஓட்டைகள் எல்லாம் அச்சாகப் பொருந்தும். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு குளுவாங்குக்குக் கொண்டுவந்தேன். பேன்ட் முழுக்க எண்ணெய். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார். எனக்கு அன்று என்னைப் பற்றி அவ்வளவு பெருமை.

“அக்கா, இத மாத்திப் போட்டா முடிஞ்சுது! அடுத்த வாரம் அங்கிள் முடி வெட்டிக்கலாம்.”

“வால்வு பெருசா இருக்கே” என்றார் அக்கா.

பெரிதுதான். பெரிய எஞ்சினுக்கான வால்வு, விட்டம் அதிகம். கீழே இறங்கித் திறக்கும்போது அதன் ஓரம் பிளாக்கின் மேல்விளிம்பில் இடிக்கலாம். இடிக்குமா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் பிள்ளைகள் உருட்டி விளையாடும் களிமண் வாங்கி வந்தோம், பச்சையும் ரோஸும். அதைப் பிளாக்கின் விளிம்பில் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினோம். வால்வு இறங்கிய இடங்களில் களிமண் அமுங்கியிருந்தது. அமுங்கியதில் மிச்சம் எவ்வளவு தடிமன் இருக்கிறதோ, அவ்வளவுதான் இடைவெளி. அக்கா பிளேடால் அதைக் குறுக்கே வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெர்னியரை வைத்தார்.

“புள்ளி ஏழு.”

குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் வேண்டும் என்று அவர் படித்து வைத்திருந்தார். இன்னொரு முறை செய்தோம். புள்ளி ஏழு. மூன்றாவது முறையும் அதே.

“இடிக்கலதானே அக்கா! எடவெளி இருக்குல்ல!”

“கையால சுத்தும்போது இருக்கு. வேகமா ஓடுனா வால்வு அதவிடக் கீழ எறங்கும். ஒரு தட்டு தட்டுனா ஒடஞ்சு உள்ள விழும். எஞ்சினே போயிரும்.”

“மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆகாதுக்கா. நாலு கிலோமீட்டர்தானே!”

“மெதுவான்னா எத்தன?”

எத்தனை மைல் வேகத்தில் வால்வு எத்தனை புள்ளி கூடுதலாக இறங்கும் என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. அவர் ஹெட்டை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தார். பிளாக்கின் விளிம்பில் வால்வு விழும் இடங்களில் சின்னப் பள்ளம் வெட்ட வேண்டும், அதுதான் முறை என்றார். கிரைண்டர் கொண்டுவந்து நானே வெட்டிவிடுகிறேன் என்றேன். “ஆழம் எவ்வளவு போச்சுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார். எஞ்சினையே வெளியே தூக்கி லேத் கடைக்குக் கொண்டுபோவதென்று முடிவானது.

எஞ்சினைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை பெரியவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பிளாக்கின் மேல் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டிக்கொண்டே அக்கா தானாகப் பேச ஆரம்பித்தார். அவராக அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“அப்பா பாலோங்கிற ஊர்ப் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல கிராணியா, கணக்கெழுதுறவரா இருந்தாரு. ரப்பர் பால் நிறுக்கிறது அவரு வேல, எடைக்குத்தான் கூலி. பள்ளிக்கூட லீவுல நானும் கூடப் போயி நிப்பேன். எனக்கு ஒம்போது வயசு. தராசு முள்ளு பதினொண்ணே முக்கால்ல நிக்கும். அப்பா பதினொண்ணுன்னு கத்துவாரு. இன்னொருத்தருக்குப் பதிமூணர நிக்கும். பதிமூணும்பாரு. பால் மரம் வெட்டுற பொம்பளைங்க ஒண்ணும் பேச மாட்டாங்க. ஒரு அம்மா மட்டும் என் கன்னத்தக் கிள்ளிட்டு, ஒங்கப்பா வாயில முக்கால் வராது பாப்பான்னு சிரிச்சிக்கிட்டே போச்சு.”

“அங்கிள்ட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். மேனேஜர் சொல்றாரு, நான் செய்றேன்னாரு.”

மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

பெரியவர் தூங்கவில்லையோ என்னவோ. சற்று நேரத்தில் கதவருகே வந்து நின்றார். கார் மூக்கில்லாத முகம்போல நின்றது. எஞ்சின் தரையில், டயர்மேல் கிடந்தது.

“அலமாக், முழுசாப் பிரிச்சிட்டியா? ஏம்மா, அந்த மூடியப் போட்டு ஓட்டக் கூடாதா? தம்பி ஓடும்னுதானே சொல்றாரு.”

“புள்ளி ஏழுதான்பா இருக்கு.”

“அளக்குறது நீதானே. கொஞ்சம் கூட்டிச் சொல்லேன்.”

அக்கா சுரண்டுகிற தகட்டைக் கீழே வைத்தார். “ஒங்களுக்கு நான் கூட்டிச் சொல்லிடுறேன்பா. நீங்க கொறச்சவங்களுக்கு யாரு கூட்டிக் குடுப்பா?”

எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீங்கிய காலை ஒன்று மாற்றி ஒன்று வைத்தார். பிறகு கையை எடுத்துப் பிடரிமுடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு கார் எப்போது ஓடும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

பிளாக்கை லேத் கடையில் இறக்கியபோது தவுக்கே கடை வாசலில் சிவப்பு விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார். சீனப் பெருநாள் நெருங்கிவிட்டது. வேலையாட்கள் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள், பதினைந்தாம் நாளுக்கு அப்புறம்தான் கடை திறக்கும் என்றார். அக்கா கெஞ்சுகிற ரகம் இல்லை. சரி, பதினைந்து நாள் என்று தலையாட்டினார்.

பெருநாளின் பதினோராம் நாள் காலையில் பெரியவர் இறந்துபோனார். தேநீர்க் கோப்பை பக்கத்திலேயே இருந்தது, பாதி குடித்திருந்தார்.

நான் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்த வெள்ளைச் சட்டைதான். முடியை எண்ணெய் தடவிப் பின்னால் வாரியிருந்தார்கள். காலரைத் தாண்டித் தோளில் கிடந்தது. எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த வயதான ஒருவர், “என்னம்மா, கிராணியாரு எப்படி மிடுக்கா இருப்பாரு. முடியக்கூட வெட்டி விடாம வச்சிருந்தீங்களா?” என்று கேட்டார். கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது. அக்கா, “எட்டு மாசம் ரெண்டு வாரம்” என்று மட்டும் சொன்னார். டாக்டர் கெடு சொன்ன நாளிலிருந்து எண்ணிய கணக்கு அது. கேட்டவர் விழித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அதன்பின் எங்களில் யாரும் லேத் கடைப் பக்கம் போகவில்லை. செய்தி கேட்டுத் தவுக்கேயே பிளாக்கை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார், தொடாமல், போனபடியே. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அக்கா, “யாராச்சும் அந்த வண்டிய எடுத்துக்கிறதா இருந்தா எடுத்துக்கச் சொல்லு தம்பி” என்றார். கூலாய் அண்ணன் லாரியோடு வந்தார். ஹெட்டில் இடைவெளி புள்ளி ஏழுதான் இருக்கிறது, பள்ளம் வெட்டாமல் ஓட்டக் கூடாது என்று அக்கா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அண்ணன் பவ்யமாக வாங்கிக்கொண்டார். லாரி திருப்பம் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், “புள்ளி ஏழாம்லா!” என்று சிரித்தார்.

ஒரே மத்தியானத்தில் எஞ்சினை வண்டியில் ஏற்றி ஹெட்டையும் பூட்டிவிட்டார். களிமண்ணும் வைக்கவில்லை, அளவும் எடுக்கவில்லை. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவ்வளவு இனிமையான சத்தம். நானும் கைதட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. நெடுஞ்சாலையில் விரட்டியிருக்கிறார், வால்வு உடைந்து பிஸ்டன்மேல் விழுந்து எஞ்சின் தூள்.

“அந்த அக்கா சொன்னது கரெக்ட்லா தம்பி. மைல் மீட்டர்ல பாத்தேன், மொத்தமே பத்தொம்போது மைல்தான் ஓடுச்சு.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா போனதிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. ஒருவேளை வீம்புக்குத் தடுத்துவிட்டோமோ என்று அவர் மனதுக்குள் அறுத்துக்கொண்டிருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அளந்தது சரி என்பதற்கு இதோ அத்தாட்சி. மறுநாள் கேன்டீனில் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதற்குள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

“அக்கா, நீங்க சொன்னதுதான் நடந்துச்சு! வால்வு ஒடஞ்சிருச்சு. பத்தொம்போது மைல்தான்!”

அவர் நிமிர்ந்தார். “எங்க ஓட்டுனாரு?”

“ரெண்டு நாளு கூலாய் டவுனுக்குள்ள, மெதுவா, கடைக்குப் போறது வர்றதுக்கு. மூணாவது நாளு ஹைவேல விரட்டியிருக்காரு. ஏறி மூணு மைல்ல போயிருச்சு.”

“டவுன்ல மட்டும்?”

“பதினாறு மைல்கா” என்றேன், அதே வேகத்தில்.

அவர் உதடு அசைந்தது. மைலைக் கிலோமீட்டராக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பதினாறு மைல் என்றால் கிட்டத்தட்ட இருபத்தாறு கிலோமீட்டர். முடிவெட்டும் கடைக்குப் போய்த் திரும்ப எட்டு.

மூடியிருந்த சாப்பாட்டுப் பெட்டியை அவர் கையால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

“இத ஏன்டா எங்கிட்ட வந்து சொன்ன?”

அதுவரை என்னை அவர் ‘டா’ போட்டதில்லை. நான் என்னென்னவோ சொன்னேன். அண்ணனுக்கு அதிர்ஷ்டம், எல்லா எஞ்சினும் ஒரே மாதிரி இருக்காது, முதல் மைலிலேயே உடைந்திருக்கலாம் என்றெல்லாம். அவர் கேட்கவில்லை. மணி அடித்து எல்லாரும் எழுந்து போனார்கள். அவர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார். எழுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.